சார்ஜ் ஏறுற நேரமும் வேலை நேரம்தான்!

(சோழிங்கநல்லூரில் ஐ.டி. நிறுவனங்களுக்கு வண்டி ஓட்டும் தோழர்கள் மத்தியில் நமது தொழிற்சங்கப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். டியூட்டியில் இருந்ததால் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க முழுமையாகத் தருகிறோம்.)



ராத்திரி ஷிப்ட் முடிச்சு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்து உட்கார்ந்திருக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. கண்ணைப் பார்த்தாலே தெரியுது. அதனால சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வர்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடறேன். இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரு வென்டர் போனில் கூப்பிட்டு, "என்ன சார், எலக்ட்ரிக் வண்டி வேண்டாம்னு போராட்டமா? சுற்றுச்சூழல் எல்லாம் உங்க கட்சிக்கு வேண்டாமா?" என்று கேட்டார். மின்சார வண்டிக்கு நாம் எதிரி இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் காலை எட்டு மணிக்கு டீசல் புகையைக் குடிப்பது யார்? கண்ணாடி ஏற்றிய ஏசி அறையில் இருப்பவர்கள் இல்லை. நீங்கள், சாலை ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, சிக்னலில் நிற்கும் காவலர். புகை குறைந்தால் முதல் நன்மை நமக்குத்தான். இன்னொன்று, மின்சார வண்டி என்பது தமிழ்நாட்டுக்காரனுக்குச் சோறு போடுகிற தொழில். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்கூட்டர் செய்கிறார்கள், இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலும் கார் தொழிற்சாலை திறந்தாகிவிட்டது. அங்கே வேலை பார்ப்பதும் நம் பிள்ளைகள்தான். (நம்ம மாவட்டக் கட்சி அலுவலக வண்டி இன்னும் டீசல்தானே என்று பின்னாலிருந்து ஒரு தோழர் கேட்கிறார். உண்மைதான். அதை மாற்றுவதைப் பற்றியும் பேசிக்கிட்டிருக்கோம், சீக்கிரம் சொல்றோம்.)

ஆகவே கேள்வி வண்டியைப் பற்றியது இல்லை. "நாளையிலிருந்து இந்த வண்டியைத்தான் ஓட்டணும்" என்று உத்தரவு போடுகிறவர் ஒருத்தர், அந்த மாற்றத்துக்கான விலையைக் கொடுக்கிறவர் இன்னொருத்தர் என்று ஆகிவிட்டதே, அதைப் பற்றியது.

இந்த உத்தரவு எங்கிருந்து வருதுன்னு உங்கள்ல பல பேருக்கு யாரும் சொன்னதில்லை. வென்டர் சொன்னார், சூப்பர்வைசர் சொன்னார் என்பதோடு நின்றுவிடும். கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் முதல் 1,000 கம்பெனிகள், 2022-23 நிதியாண்டிலிருந்து, தங்கள் தொழிலால் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன விளைவு என்று ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. புகைக் கணக்கும் அதில் வருகிறது. உலகம் முழுக்க இந்தக் கணக்கை மூன்று பிரிவாகப் போடுகிறார்கள். அந்த மூன்றாவது பிரிவில், ஊழியர்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்துபோகிற பயணத்துக்கென்றே ஒரு வரி இருக்கிறது. அதைத் தவிர 2017இல் தொடங்கிய 'ஈவி 100' என்ற உலக அமைப்பில் சேர்ந்து, 2030க்குள் எங்கள் வண்டிகளையெல்லாம் மின்சாரத்துக்கு மாற்றிவிடுகிறோம் என்று உறுதி கொடுத்த பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. பிளிப்கார்ட் 2020இல் அப்படிச் சேர்ந்தது.

நல்ல விஷயம்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றட்டும். ஆனால் அந்த வாக்குறுதி பலகைக் கூட்டத்தில் இருந்து கிளம்பி, நிர்வாகப் பிரிவுக்கு வந்து, அங்கிருந்து வென்டர் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக மாறி, கடைசியில் உங்கள் கையில் ஒரு சாவியாக வந்து சேருது. சாவியோடு வேறு எதுவும் வரலை. சார்ஜ் போட எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு யார் சம்பளம் தருவார்கள், வண்டி நடுவழியில் நின்றால் யார் பொறுப்பு என்று ஒரு தாளாவது கொடுத்தார்களா? ஆண்டறிக்கையில் பச்சை இலை படம் போட்டு அச்சடிப்பார்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் தூக்கத்துக்கு ஒரு வரி கிடையாது.

கூட்டத்துக்கு முன்னாடி டீக்கடையில் ஒரு தம்பி சொன்னதைச் சொல்றேன். பெயர் வேண்டாம் என்றார். செய்யாறு பக்கம் ஊர். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு டீசல் வண்டிக்குப் பதிலா மின்சார வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் விடியற்காலை, நாவலூரில் இருந்து மூன்று டிராப். இரண்டு பேரைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பவேண்டியது. கிளம்பும்போது பேட்டரி 38 சதவீதம், கணக்குக்குப் போதும். வழியில் செயலியில் இன்னொரு டிராப் சேர்ந்துவிட்டது, கூடுவாஞ்சேரி தாண்டி. கடைசி ஆளாக ஒரு பெண் ஊழியர், முன்னால் செக்யூரிட்டி. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, "சார், சார்ஜ் பத்தாது" என்றிருக்கிறார். "மேனேஜ் பண்ணுங்க" என்று பதில்.

எப்படி மேனேஜ் பண்ணுவது? ஏசியை அணைத்தார். மே மாதம். பின்னாலிருந்து அந்தப் பெண், "அண்ணா, ஏசி வேலை செய்யலையா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. நடு ராத்திரியில் வண்டி நின்றுவிடுமோ என்று ஒரு பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம் என்று, "ஏதோ கோளாறும்மா" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். ஏசி போடவில்லை என்று மறுநாள் அவர் மேலேயே புகார். அதை விடுங்க. திரும்பி சார்ஜிங் நிலையத்துக்கு வரும்போது 4 சதவீதம். அங்கே முன்னால் இரண்டு வண்டி. வரிசையில் நின்று, சார்ஜ் ஏற்றி முடிக்கும்போது அடுத்த பிக்கப் நேரம் தாண்டிவிட்டது. தாமதத்துக்குப் பெனால்டி. அன்று இரவு அவர் கண் மூடியது வரிசையில் நின்ற அந்த நேரத்தில் மட்டும்தான், அதுவும் ஸ்டியரிங்கில் தலை வைத்து.

இதில் வண்டியின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. பெட்ரோல் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாத ஒரு கணக்கு மின்சார வண்டியில் இருக்கு. அதை அந்தக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை. வாடகை ஓட்டத்துக்காகவே 2021இல் டாடா கொண்டுவந்த எக்ஸ்பிரஸ்-டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சான்றளிக்கப்பட்ட தூரம் பெரிய பேட்டரிக்கு 213 கிலோமீட்டர், சின்ன பேட்டரிக்கு 165. அது சோதனைச் சாலையில் எடுத்த கணக்கு. நாலு பேர் உட்கார்ந்து, ஏசி முழுசா ஓடி, மத்திய கைலாஷில் இருந்து சிறுசேரி வரை நெரிசலில் ஊர்ந்தால் அது எவ்வளவு குறையும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது இதைவிடப் பெரிய பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் வென்டர் வாங்கித் தருவது எது? விலை குறைந்தது எதுவோ அது.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். இதுதான் இன்றைக்கு நான் பேச வந்ததே.

உங்களில் பலர் சொல்வது, ஒரு நாளைக்கு இரண்டு முறை சார்ஜ் போடவேண்டியிருக்கு, வேக சார்ஜராக இருந்தாலும் வரிசையோடு சேர்த்து ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் போய்விடுகிறது. சரி, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் ஓட்டினால் 50 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் ஆறு நாளுக்கு மேல. மாதத்தில் ஆறு நாள், கம்பெனி வண்டிக்குக் கம்பெனி சொன்ன இடத்தில் கம்பெனிக்காகக் காவல் இருக்கீங்க. அதற்குச் சம்பளம் எவ்வளவு? பூஜ்ஜியம். ட்ரிப் கணக்கில் அது வராது. லாக்-இன் நேரத்தில் சிலர் சேர்க்கிறார்கள், பலர் சேர்ப்பதில்லை. டீசல் வண்டியில் பங்கில் நுழைந்து ஐந்து நிமிடத்தில் வெளியே வந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. வண்டியை மாற்றினார்கள், சம்பளக் கணக்கை மாற்றவில்லை.

"அது ரெஸ்ட் டைம் சார், டிரைவர் தூங்குறாரு" என்று ஒரு மேலாளர் என்னிடம் சொன்னார். ரெஸ்ட் என்றால் என்ன? நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம், போனை அணைத்துவிட்டுப் படுக்கலாம். அதுதான் ஓய்வு. கேபிளை மாட்டி, செயலியில் ஸ்கேன் பண்ணி, பின்னால் வருபவன் ஹாரன் அடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு, முடிந்ததும் உடனே கழற்றி நகர்த்த வேண்டும் என்று உட்கார்ந்திருப்பது ஓய்வா?

இதற்குச் சட்டம் இருக்கு தோழர்களே. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் அரை மணி ஓய்வு. இடைவெளிகளையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் நாள் முடியவேண்டும். அந்தச் சட்டத்தில் 'வேலை நேரம்' என்றால் என்ன என்று எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். வண்டி ஓடுகிற நேரம் மட்டும் இல்லை, 'துணை வேலை' நேரமும் வேலை நேரம்தான் என்று எழுதினார்கள். துணை வேலை என்றால்? கணக்கு ஒப்படைப்பது, வண்டியை எடுப்பது, கொண்டுபோய் விடுவது, வண்டியின் பராமரிப்பு, பழுது சம்பந்தப்பட்ட வேலை. வண்டி ஓடாத நேரத்தில் வண்டிக்காகச் செய்கிற வேலை. 1961இல் எழுதிய சட்டம், சார்ஜ் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் சார்ஜ் போடுவது வண்டிக்காகச் செய்கிற வேலை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

அதே சட்டத்தில் ஒரு வரியை முதலாளி தரப்பு பிடித்துக்கொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன். முனையத்தில் 'சும்மா காத்திருக்கும்' நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரத்தில் சேரும் என்று இருக்கிறது. "சார்ஜிங்கில் ஒரு மணி நேரம் காத்திருக்கீங்க, 15 நிமிடத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே வேலை நேரம் இல்லை" என்பார்கள். நம் பதில், அது சும்மா காத்திருத்தல் இல்லை, துணை வேலை. இந்த இரண்டு சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உட்காரும்போது சண்டையே இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நடக்கப்போகிறது.

அந்தச் சட்டம் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்ததே, அதில் ஒன்றுக்குள் மற்ற 12 சட்டங்களோடு சேர்த்து இதையும் கரைத்துவிட்டார்கள். ஓடும் நேரம், துணை வேலை, காத்திருக்கும் நேரம் என்ற சொற்கள் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. ஆக, வாதம் செத்துப்போகவில்லை. ஆனால் ஒன்றை வெட்டிவிட்டார்கள். பழைய சட்டம் ஐந்து தொழிலாளர்கள் இருக்கும் போக்குவரத்து நிறுவனத்துக்கே பொருந்தும். புதியதில் அது பத்து. ஏழு வண்டி, ஏழு டிரைவர் வைத்திருக்கும் சின்ன வென்டர் நேற்றுவரை சட்டத்துக்குள் இருந்தார், இன்றைக்கு வெளியே. ஐ.டி. கம்பெனிகளின் வண்டியில் எத்தனை இப்படித் துணை ஒப்பந்தக்காரர் கையில் இருக்கு என்று உங்களுக்கே தெரியும். ஒரே கேட்டுக்குள் போகிற இரண்டு வண்டி, ஒரு டிரைவருக்கு எட்டு மணி நேரம், இன்னொருத்தருக்குக் கேட்பாரில்லை.

டிரைவர் தோழர்களை மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கிற நீங்கள் விற்பனைப் பிரிவில், சர்வீஸ் பிரிவில் இருக்கலாம். கம்பெனியே கார் கொடுத்து, இனி எலக்ட்ரிக்தான் என்று சொல்லியிருக்கலாம். கார் கிடைத்தது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி வீட்டில்தான் சார்ஜ். அதற்குத் தடையும் இல்லை, இருக்கிற வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2022 சனவரியிலேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. ஆனால் மின்கட்டண அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஏழு கிலோமீட்டர் ஓடும். கம்பெனி வேலையாக நாளுக்கு 100 கிலோமீட்டர் என்றால், சேதாரம் சேர்த்து 15 யூனிட். இரண்டு மாதத்தில் 50 வேலை நாள். 750 யூனிட். உங்கள் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாம் சேர்த்து 300 யூனிட்தான் வந்துகொண்டிருந்தது என்றால், இப்போது 1,050. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடாது, முதல் நூறு போக அதற்கு அடுத்த கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் போய்விடும். அதாவது கம்பெனி காருக்குப் போட்ட மின்சாரம், உங்கள் வீட்டு ஃபேனுக்கான கட்டணத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். பெட்ரோல் போட்டால் பில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வீர்கள். வீட்டு மீட்டரில் கார் குடித்தது எவ்வளவு என்று பில் காட்ட முடியுமா? "கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று மொத்தமாக ஒரு தொகை தருகிறார்கள், அது எந்தப் படியில் போட்ட கணக்கு என்று யாரும் கேட்பதில்லை.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டுபிடிக்கவில்லையா என்றால், கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கம்பெனி மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் செய்யும் ஊழியருக்கு, 2021 முதல் 2025 வரை மாதம் 70 யூரோ வரை வரியில்லாமல் முதலாளி கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அலுவலகத்தில் சார்ஜ் வசதி இருந்தால் 30 யூரோ. பிரிட்டனில் கம்பெனிக் கார் ஓட்டும் மைலுக்கு வரித்துறையே ஒரு வீதம் அறிவிக்கும். 2025 செப்டம்பரில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டில் சார்ஜ் போட்டால் ஒரு வீதம், பொது நிலையத்தில் போட்டால் அதைவிடக் கூடுதலாக இன்னொன்று, ஏனென்றால் வெளியே விலை அதிகம். அந்த நாட்டு அரசுகள் தொழிலாளிக்குத் தோழன் என்று நான் சொல்ல வரவில்லை. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே கணக்கே போடவில்லை.

சொந்தமா வண்டி வாங்கி அட்டாச்மெண்டில் விட்டிருக்கும் தோழர்கள் விஷயம் தனிக் கூட்டம் போட்டுப் பேசவேண்டியது. ஒன்று மட்டும் சொல்றேன். டெல்லியில் 25 வண்டியோ அதற்கு மேலோ வைத்திருக்கும் செயலிக் கம்பெனிகள் 2030 ஏப்ரல் 1க்குள் முழுக்க மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று 2023 நவம்பரில் அந்த மாநில அரசே திட்டம் அறிவித்தது. அரசு அறிவித்தால் ஆட்சேபம் சொல்லலாம், கால அவகாசம் கேட்கலாம், மானியம் கேட்கலாம். கம்பெனி ஒப்பந்தப் புதுப்பிப்பில் "அடுத்த வருஷம் எலக்ட்ரிக் வண்டி மட்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? டீசல் வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷம் டியூ பாக்கி இருக்கிறவன் என்ன செய்வான்?

"வண்டி எங்களுது, உங்களுக்கு ரிஸ்க் இல்லை, சம்பளத்துக்கு ஓட்டுங்க, அவ்வளவுதான்" என்பார்கள். ரிஸ்க் இல்லையா? ப்ளூஸ்மார்ட் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெல்லியிலும் பெங்களூரிலும் முழுக்க மின்சாரக் கார்களையே வைத்து ஓடிய நிறுவனம். டிரைவருக்குச் சொந்த வண்டி கிடையாது, எல்லாம் நிறுவனத்து வண்டி. அதற்கு வண்டிகளைக் குத்தகைக்குத் தந்தது ஜென்சால் என்ற இன்னொரு கம்பெனி. 6,400 கார் வாங்குவதற்கு அரசு நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்கி, 4,704 கார்தான் வாங்கியிருக்கிறார்கள் என்றும், பணத்தில் ஒரு பகுதி வேறு பக்கம் திருப்பப்பட்டது என்றும் செபி 2025 ஏப்ரல் 15 அன்று இடைக்கால உத்தரவில் சொன்னது. அடுத்த ஓரிரு நாளில் செயலியில் முன்பதிவு நின்றது. ஆயிரக்கணக்கான டிரைவர்கள் நடுத்தெருவில். அவர்களில் ஒருத்தருக்காவது அந்தக் கடன் கணக்கு தெரிந்திருக்குமா? சொந்த வண்டியாக இருந்திருந்தால் வேறு செயலியில் போய் ஓட்டியிருப்பார்கள். சார்ஜிங் நிலையமும் கம்பெனியுடையது, வண்டியும் கம்பெனியுடையது. டிரைவரிடம் மிஞ்சியது லைசென்ஸ் மட்டும்.

சேதாரப் பிடித்தம் பற்றிக் கேட்டு நிறையச் சீட்டு வந்திருக்கிறது. இந்த வண்டிகளுக்குப் பேட்டரி அடிப்பக்கத்தில். நம்ம ஊர் வேகத்தடைகள் எப்படிப்பட்டவை என்று தெரியும். அடி தட்டினால் உடனே, "பேட்டரி பேக் டேமேஜ், சம்பளத்தில் பிடிப்போம்." அப்படி இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. உங்கள் கவனக்குறைவால்தான் சேதம் என்று காட்டவேண்டும், விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தரவேண்டும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஊதியத் தொகுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். மழைக்காலத்தில் 2023 டிசம்பர் மாதிரி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் காரையெல்லாம் வரிசையாக ஏற்றி நிறுத்தினோமே, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லையே. அப்போது கம்பெனி வண்டியை எங்கே நிறுத்துவது, எதில் சார்ஜ் போடுவது, தண்ணீர் புகுந்தால் யார் பொறுப்பு? இப்போதே எழுத்தில் வாங்கிவைக்க வேண்டிய பதில் இது. தண்ணீர் வந்தபிறகு கேட்டால் யாரும் போனை எடுக்கமாட்டார்கள்.

கம்பெனிக்கு இதனால் நஷ்டமா? ஒரு தோராயக் கணக்கு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். மின்சாரம் யூனிட் 15 ரூபாய்க்கு வெளியே வாங்கினாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயை ஒட்டித்தான். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாளுக்கு 600 ரூபாய் மிச்சம், மாதம் ஏறத்தாழ 15,000. வண்டி விலை அதிகம், டியூ அதிகம், ஒத்துக்கொள்கிறேன். முழுசும் டிரைவருக்குக் கொடு என்று கேட்கவில்லை. அந்த மிச்சத்தில் இருந்து இரண்டு மணி நேரச் சம்பளம் கொடுக்க முடியாதா? சார்ஜிங் இடத்தில் ஒரு கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், ஒரு மின்விசிறி, கால் நீட்ட ஒரு பெஞ்ச் போட முடியாதா? ராத்திரி வண்டி ஓட்டும் பெண் தோழர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள். சார்ஜ் போடும் இடத்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுகிறோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது.

மாநில அரசிடமும் கேட்கிறோம். 2023 மின்வாகனக் கொள்கையில் சாலை வரி விலக்கு கொடுத்தீர்கள், முதலீட்டுக்குச் சலுகை கொடுத்தீர்கள். வண்டிக்கும் ஆலைக்கும் கொடுத்தது போக, ஓட்டுகிறவனுக்கு அதில் ஒரு பத்தி சேருங்கள். சார்ஜிங் நேரம் வேலை நேரம் என்று ஒரு அரசாணை, அவ்வளவுதான். சட்டமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இதைக் கேள்வியாக எழுப்புவார்கள். ஆனால் கேள்வி கேட்க ஆதாரம் வேண்டும். "பாதிக்கப்படுகிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால், "புகார் எதுவும் வரவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. நாளைக் காலையில் இருந்து ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். நிலையத்துக்கு வந்த நேரம், வரிசையில் நின்ற நேரம், கேபிள் மாட்டிய நேரம், கழற்றிய நேரம், வரும்போது எத்தனை சதவீதம், போகும்போது எத்தனை. வீட்டில் சார்ஜ் போடுகிறவர்கள் மாட்டும்போதும் கழற்றும்போதும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு மாதம், விடாமல். செயலியில் பதிவாகும் என்று விட்டுவிடாதீர்கள், அது அவர்கள் கையில் இருக்கு. எழுத நேரமில்லாதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அடுத்த மாதம் இதே இடத்தில், இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. ராத்திரி ஷிப்ட்காரர்களுக்காக மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை. அந்தத் தாள்களோடு வாங்க. அங்கிருந்தே தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு தயார் செய்வோம்.